பிரீடரிடமா, காப்பகத்திலா? வெள்ளை மாளிகையின் ஐந்து நாய்களை முன்வைத்து

நாய் வளர்க்கப்போவதாக ஒருவர் சொன்னதும் சுற்றியிருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். காப்பகங்களில் இத்தனை நாய்கள் காத்துக் கிடக்கும்போது காசு கொடுத்துக் குட்டி வாங்குவது கொடுமை என்கிறது ஒரு கட்சி. முன்கதை தெரியாத நாயைக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் எப்படி விடுவது, நல்ல பிரீடரிடம் (நாய்களை இணை சேர்த்துக் குட்டி விற்பவரிடம்) வாங்கினால் குணம் இன்னதென்று தெரிந்துகொண்டே வாங்கலாமே என்கிறது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் தாங்கள் வளர்த்த ஓரிரு நாய்களை வைத்தே பேசுகின்றன. அதே வீட்டுக்கு நாய் வேறு வழியில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு யாருக்கும் அமைவதில்லை.

அந்த வாய்ப்பு ஓரளவு அமைந்த வீடு ஒன்று உண்டு. 2009 முதல் 2023 வரையிலான காலத்தில் அமெரிக்க வெள்ளை மாளிகையில் ஒபாமா, பைடன் குடும்பங்கள் ஐந்து நாய்களை வளர்த்தன. போ, சன்னி, சேம்ப், மேஜர், கமாண்டர். ஒன்று முதல் வீட்டிலிருந்து திரும்பி வந்த நாய். ஒன்று பிரீடரிடம் நேரடியாக வாங்கியது. ஒன்று காப்பகத்திலிருந்து வந்தது. ஒன்று உறவினர் பரிசளித்த குட்டி. இன்னொன்று, முதல் நாயான போவின் அதே இனத்தைச் சேர்ந்த பெட்டை. நம் வீடுகளில் நாய் கடித்தால் கடிபட்டவரும் வீட்டாரும் பேசி முடித்துக்கொள்வார்கள். அங்கே நடந்தது பாதுகாப்புப் படையின் மின்னஞ்சல்களில் பதிவாகி, பின்னர் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளியே வந்துவிட்டது. ஆய்வுக்கு இதை நான் எடுத்துக்கொண்டது அதனால்தான்.

போ: திரும்பி வந்த குட்டி

2008 நவம்பர் 4 அன்று இரவு, சிகாகோவின் கிராண்ட் பூங்காவில் வெற்றி உரை ஆற்றிய ஒபாமா, தன் மகள்கள் மாலியா, சாஷா இருவருக்கும் நாய்க்குட்டி வாங்கித் தருவதாக உலகறியச் சொன்னார். மூன்று நாள் கழித்து நடந்த முதல் செய்தியாளர் சந்திப்பில் அது பற்றிய கேள்வி வந்தது. மாலியாவுக்கு ஒவ்வாமை இருப்பதால் அதற்கேற்ற நாய் வேண்டும், ஆனால் காப்பகத்திலிருந்து எடுக்கவே விருப்பம், காப்பக நாய்களில் பெரும்பாலானவை என்னைப் போலக் கலப்பினம்தானே என்று பதில் சொன்னார். விலங்கு நல ஆர்வலர்கள் மகிழ்ந்து போனார்கள்.

2009 ஏப்ரலில் வந்தது கலப்பின நாய் அல்ல. செனட்டர் எட்வர்ட் கென்னடி பரிசளித்த, டெக்சாஸில் பிறந்த, ஆறு மாத வயதுடைய போர்ச்சுகீசிய நீர்நாய் இனக் கடுவன். (ஆற்றில் வாழும் நீர்நாயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மீனவர்களோடு படகில் போய் வலை இழுக்க உதவிய, சுருள் முடி கொண்ட நாய் இனம் இது.) சொன்ன சொல் தவறிவிட்டார் என்ற குரல்கள் எழுந்தன. காப்பகத்தைக் கைவிடவில்லை என்று காட்ட, வாஷிங்டன் நகரின் விலங்கு நலச் சங்கத்துக்கு ஒபாமா குடும்பம் நன்கொடை அளித்தது.

இந்தச் சர்ச்சையில் இரண்டு விஷயங்கள் போதிய கவனம் பெறவில்லை.

முதலாவது, போ ஏற்கெனவே ஒரு வீட்டுக்குப் போய், அங்கே ஒத்துவராமல் பிரீடரிடமே திரும்பி வந்த குட்டி. கென்னடியின் நாய்களில் ஒன்று இதே ஈற்றில் பிறந்தது. அந்தத் தொடர்பில்தான் போ வெள்ளை மாளிகைக்கு வந்து சேர்ந்தது. முதல் வீடு வேண்டாம் என்றபோது பிரீடர் கதவைச் சாத்தியிருந்தால், அந்தக் குட்டியும் ஏதோ ஒரு காப்பகத்தின் கூண்டில் நின்றிருக்கும். அப்போது அதே நாயை “மீட்பு நாய்” என்று எல்லோரும் வாழ்த்தியிருப்பார்கள். நாய் மாறவில்லை, வந்த வாசல்தான் மாறியிருக்கும். நல்ல பிரீடரை அடையாளம் காண என்ன வழி என்று யாராவது கேட்டால், சான்றிதழ்களையும் கோப்பைகளையும் விட இந்த ஒன்றைத்தான் நான் முதலில் சொல்வேன்: விற்ற குட்டி திரும்பி வந்தால் வாங்கி வைத்துக்கொள்வாரா?

இரண்டாவது, ஒவ்வாமை. போர்ச்சுகீசிய நீர்நாய் போன்ற இனங்கள் ஒவ்வாமை தராதவை என்று அன்றும் இன்றும் நம்பப்படுகிறது. டெட்ராய்ட்டின் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆய்வாளர்கள் நாய் வளர்க்கும் 173 வீடுகளின் தூசியைப் பரிசோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். “ஒவ்வாமை தராத” இனங்கள் இருந்த வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் ஒவ்வாமைப் புரதத்தின் அளவில் வேறுபாடு தெரியவில்லை. ஒபாமா குடும்பத்தைக் காப்பகத்திலிருந்து விலக்கிய முக்கியக் காரணமே இந்த நம்பிக்கைதான். குழந்தைக்கு மூச்சிரைப்பு இருக்கிறது, அதனால் இந்த இனம்தான் வாங்கப்போகிறோம் என்று சொல்லும் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான்: அந்தக் குறிப்பிட்ட நாயோடு குழந்தையைச் சில முறை, சில மணி நேரம் இருக்கவிட்டுப் பாருங்கள். இனத்தின் பெயரை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

மிச்சிகனில் பிறந்த சன்னி 2013 ஆகஸ்டில் வந்து சேர்ந்தது. அதே இனம், பெட்டை. போ 2021 மே மாதம் புற்றுநோயால் இறக்கும்வரை அந்தக் குடும்பத்தோடு இருந்தது. சன்னி 2017 தொடக்கத்தில் ஒரு விருந்தினரைக் கடித்ததாகச் செய்தி வந்தது. அதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை.

சேம்ப்: வாங்கிய நாய்

துணை அதிபராகத் தேர்வான பைடன் 2008 டிசம்பரில் பென்சில்வேனியாவில் ஒரு பிரீடரிடம் ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி வாங்கினார். தேர்தலில் வென்றால் நாய் வாங்கலாம் என்பது மனைவி ஜில் கொடுத்த வாக்கு. பிரசார விமானத்தில் அவர் முன்னிருக்கையின் பின்புறம் நாய்ப் படங்களை ஒட்டி வைத்திருந்தாராம் ஜில். குட்டிக்குப் பேத்திகள் சேம்ப் என்று பெயர் வைத்தார்கள். காப்பகத்துக்குப் போகாமல் பிரீடரிடம் போனதற்காக பீட்டா போன்ற அமைப்புகள் கடுமையாகக் கண்டித்தன.

சேம்ப் பன்னிரண்டு வயதைத் தாண்டி வாழ்ந்தது. துணை அதிபர் இல்லத்திலும், டெலவேர் மாநிலத்தில் இருக்கும் பைடனின் சொந்த வீட்டிலும், கடைசி மாதங்களில் வெள்ளை மாளிகையிலும் இருந்து 2021 ஜூனில் இறந்தது. பொதுவெளியில் அதன் மீது பெரிய புகார் எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. பிரீடரிடம் வாங்குவதே சரி என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். வாங்கியவருக்குக் கிடைத்த குட்டி நன்றாக இருந்தது என்பதால், அதை ஈன்ற தாய் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதற்குப் பதில் கிடைத்துவிடாது. பிரீடர் பற்றிய அறக்கேள்வி முழுக்கத் தாய் நாயைப் பற்றியது. குட்டியின் நலனை மட்டும் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

மேஜர்: காப்பகத்து நாய்

இந்த ஐந்தில் என் மனதை அதிகம் தொட்டது மேஜர்தான். 2018இல் டெலவேர் மனிதநேயச் சங்கத்தின் காப்பகத்துக்கு ஆறு ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகள் ஒன்றாக வந்தன. இருந்த இடத்தில் ஏதோ நச்சுப்பொருள் அவற்றின் உடலில் சேர்ந்துவிட்டது. வளர்த்தவரால் சிகிச்சைச் செலவைச் சமாளிக்க முடியாமல் ஒப்படைத்தார். குட்டிகளுக்கு வீடு தேடி வந்த ஃபேஸ்புக் பதிவைப் பைடனின் மகள் ஆஷ்லி பார்த்துத் தந்தைக்குச் சொன்னார்.

பைடன் குடும்பம் உடனே தத்தெடுக்கவில்லை. 2018 மார்ச்சில் தற்காலிகமாக வளர்க்கக் கொண்டுபோனார்கள். நவம்பர் 17 அன்றுதான் தத்தெடுப்புத் தாளில் கையெழுத்திட்டார்கள். இடையில் எட்டு மாதம். வயதான சேம்ப் குட்டியை ஏற்கிறதா, வீட்டுக்கு வருபவர்களிடம் குட்டி எப்படி நடந்துகொள்கிறது, இரவில் அமைதியாக இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க எட்டு மாதம் தாராளம். பிரீடர்கள் பொதுவாக இப்படி ஒரு கால அவகாசம் தருவதில்லை. காப்பகத்தின் பக்கம் இருக்கும் மிகப் பெரிய அனுகூலம் இதுதான், இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

2021 ஜனவரி 24 அன்று இரண்டு நாய்களும் வெள்ளை மாளிகைக்குக் குடிவந்தன. காப்பகத்திலிருந்து அங்கே போகும் முதல் நாய் என்று மேஜரைக் கொண்டாடினார்கள். காப்பகம் என்ற கட்டடத்தைக் கணக்கில் வைத்தால் அது சரி. ஆதரவற்ற நாய் என்று பார்த்தால் முன்னோடி ஒன்று உண்டு: 1966 நன்றி தெரிவிக்கும் நாளில் டெக்சாஸ் பெட்ரோல் பங்க் ஒன்றில் திரிந்துகொண்டிருந்த வெள்ளைக் கலப்பு நாயை அப்போதைய அதிபர் லிண்டன் ஜான்சனின் மகள் லூசி எடுத்து வந்தார். யூக்கி என்ற அந்த நாய் கடைசியில் அதிபரின் செல்லமாகிப் பண்ணை வீடு வரை அவரோடு போனது.

மேஜருக்கு அந்த நல்வாய்ப்பு அமையவில்லை. குடிவந்து ஆறு வாரத்தில் அதிபரின் பாதுகாப்புப் படையினர் ஒருவரைக் கடித்துவிட்டது. வெள்ளை மாளிகை அதைச் சிறு காயம் என்றது. பின்னர் வெளியான மின்னஞ்சல்கள் மார்ச் முதல் வாரத்தில் தொடர்ந்து எட்டு நாள் யாரையாவது கடித்திருக்கிறது என்று காட்டின. டெலவேர் வீட்டுக்கு அனுப்பி, திரும்ப அழைத்து வந்ததும் மாத இறுதியில் பூங்காத் துறை ஊழியர் ஒருவரைக் கடித்தது. வெளியே பயிற்சிக்கு அனுப்பினார்கள். டிசம்பரில், நாய்ப் பயிற்றுநர்களையும் கால்நடை மருத்துவர்களையும் கலந்து பேசியபின், அமைதியான சூழலில் வாழும் குடும்ப நண்பர்களிடம் மேஜரை ஒப்படைத்துவிட்டதாக அறிவிப்பு வந்தது.

காப்பக நாய் என்றால் இப்படித்தான் என்று அப்போது பலர் எழுதினார்கள். அடிபட்டு வந்த நாய், மனதில் ஏதோ இருந்திருக்கும் என்றார்கள். மேஜர் அதற்கு முந்தைய ஏறக்குறைய மூன்று ஆண்டு டெலவேர் வீட்டில் வாழ்ந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கமாண்டர்

மேஜரை விட்டுவிட்ட அதே 2021 டிசம்பர் 20 அன்றுதான் புதிய குட்டியும் வந்தது. பைடனின் தம்பி ஜேம்ஸ் பரிசளித்த ஜெர்மன் ஷெப்பர்ட். பிறந்தது செப்டம்பர் 1. அதாவது மூன்றரை மாதக் குட்டி. காப்பகம் இல்லை, நச்சு இல்லை, துயரமான முன்கதை எதுவும் வெளியே சொல்லப்படவில்லை. “முன்கதை தெரிந்த குட்டி” என்று நம்மிடம் விற்கப்படுவது இதுதான்.

2022 அக்டோபருக்கும் 2023 ஜூலைக்கும் இடையில் பாதுகாப்புப் படையினரைக் கமாண்டர் கடித்த நிகழ்வுகள் குறைந்தது 24 என்று 2024 தொடக்கத்தில் வெளியான ஆவணங்கள் காட்டின. 2023 ஜூனில் ஒருவரின் கையில் ஆழமாகக் கடித்து, தையல் போட வேண்டியதாயிற்று. தரையில் சிந்திய ரத்தத்தால் பார்வையாளர் சுற்றுலாவைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தார்கள். செப்டம்பரில் இன்னொரு கடி. அதன்பின் கமாண்டரும் மாளிகையை விட்டு அனுப்பப்பட்டது.

எப்படிப் படிப்பது

காப்பகத்து நாய் கடித்தது. பரிசாக வந்த குட்டி வளர்ந்து அதைவிட அதிகம் கடித்தது. பிரீடரிடம் வாங்கிய மற்றொரு நாய் கடிக்கவில்லை. வந்த வழி மட்டுமே முடிவு செய்கிறது என்ற வாதம், இரு தரப்பிலும், இங்கே நின்றுபோகிறது.

இனத்தின் மீது பழி போடலாமா? ஜெர்மன் ஷெப்பர்ட் மந்தை காக்க உருவாக்கப்பட்ட இனம். அந்நியரைக் கவனித்துக்கொண்டே இருப்பது அதன் தொழில். ஆனால் சேம்பும் அதே இனம்தான். 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய ஆய்வு, ஒரு தனி நாயின் நடத்தை வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்றது. பிரீடர்கள் விற்கும் மிகப் பெரிய பொருளே “குண உத்தரவாதம்” என்பதால் இந்த எண் முக்கியமானது. வளர்ந்தபின் எடை எவ்வளவு, முடி எப்படி என்று நல்ல பிரீடரால் பெருமளவு துல்லியமாகச் சொல்ல முடியும். வாசலில் நிற்கும் கூரியர்காரரிடம் அது என்ன செய்யும் என்று அவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

மேஜருக்கும் கமாண்டருக்கும் பொதுவாக இருந்தது வீடு. அங்கே வராந்தாவின் ஒவ்வொரு திருப்பத்திலும் விறைப்பாக ஒருவர் நிற்கிறார். முறை மாறும்போது ஆள் மாறுகிறார். நாயோடு விளையாடுவது அவர் வேலை அல்ல. அதே சமயம் நாய் தன்னுடையதாக நினைக்கும் மனிதரை நோக்கித் திடீரென்று நடந்துவருவது அவர் வேலை. காவல் புத்தியுள்ள இளம் நாய்க்கு இதைவிடக் கடினமான வீட்டைக் கற்பனை செய்வது சிரமம். கமாண்டரின் கடிகள் பதிவாகத் தொடங்கியபோது அதற்கு வயது ஒன்றைத் தாண்டியிருந்தது. குட்டித்தனம் போய்க் காவல் புத்தி தலைதூக்கும் பருவம் அது. மேஜர் மூன்று வயதில் டெலவேரின் அமைதியிலிருந்து நேராக அங்கே வந்தது. சேம்ப் அங்கே வந்தபோது பன்னிரண்டு வயதுக் கிழவன்.

இது என் வாசிப்பு. ஐந்து நாய்களை வைத்து விதி எழுத முடியாது என்பது தெரியும். ஆனால் மேஜர் விஷயத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: எட்டு மாதச் சோதனை நடந்தது ஒரு வீட்டில், நாய் போய்ச் சேர்ந்தது வேறு வீட்டில். சோதனை முறை பழுதற்றது. இடம் மாறியபோது அதை மீண்டும் தொடங்கியிருக்க வேண்டும். முதல் கடியைச் சிறு காயம் என்று சொல்லிக் கடந்தது, மேஜருக்கும் நல்லதல்ல, அடுத்து வந்த குட்டிக்கும் நல்லதல்ல. ஒரு நாய் அந்த வீட்டில் தாங்கவில்லை என்று அறிவித்த நாளிலேயே அதே இனத்தில் இன்னொரு குட்டியை அதே வீட்டுக்குக் கொண்டுவந்ததைத்தான் இந்த நிகழ்வின் ஆகப் பெரிய பிழையாக நான் பார்க்கிறேன். அதில் பிரீடருக்கும் பங்கில்லை, காப்பகத்துக்கும் பங்கில்லை.

நம் ஊரில் தேர்ந்தெடுப்பவருக்கு

இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக்கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. தாய்–மகன், அண்ணன்–தங்கை போன்ற நெருங்கிய இரத்த உறவில் இணை சேர்க்கக்கூடாது. விதி ஏட்டில் இருக்க, ஒரு மாதக் குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து விற்பதை நம் ஊர்ச் சந்தைகளில் இன்றும் பார்க்கிறோம். மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பார்த்துப் பழகும் காலம். அதில் முதல் பாதியைத் தாயோடும் உடன்பிறப்புகளோடும் கழிக்க வேண்டும். எவ்வளவு வலுவாகக் கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத் தன் கூடப் பிறந்தவற்றிடம்தான் அது கற்கிறது. அட்டைப்பெட்டிக் குட்டிக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸுக்கு எதிரான தடுப்பூசி வரிசையும் பெரும்பாலும் தொடங்கியிருக்காது.

ஆகவே பிரீடரிடம் போகிறவர் தாய் நாயைப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. தாய் வேறு ஊரில் இருக்கிறது, படம் அனுப்புகிறேன் என்றால் எழுந்து வந்துவிடலாம். வரன் பார்க்கும்போது மூன்று தலைமுறை விசாரிப்பவர்கள் நாம். குட்டியின் தாயை ஒருமுறை நேரில் பார்க்க ஏன் தயங்க வேண்டும்? தாய் உங்களைக் கண்டு பதுங்குகிறதா, வால் ஆட்டிக்கொண்டு வருகிறதா, காம்புகள் புண்ணாகித் தொங்குகின்றனவா, படுக்கும் இடத்தில் மூத்திர வாடை அடிக்கிறதா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் குட்டி வாங்குபவர் காது கேட்கிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து கைதட்டிப் பார்ப்பது முதல்கட்டச் சோதனை. அந்த இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை உண்டு.

என் சாய்வு காப்பகத்தின் பக்கம் என்பதை மறைக்கவில்லை. அடுக்குமாடி வீட்டில் இருக்கும், பகலில் வேலைக்குப் போகும், முதல் முறையாக நாய் வளர்க்கும் குடும்பத்துக்கு இரண்டு, மூன்று வயதான நாட்டு நாயைத்தான் நான் பரிந்துரைப்பேன். அந்த வயதில் குணம் பெரும்பாலும் நிலைப்பட்டிருக்கும். நம் வெயிலைத் தாங்கும். முடி உதிர்வு குறைவு. குட்டிதான் வேண்டும், கையில் வளர்த்தால்தான் பாசம் வரும் என்ற எண்ணத்தை மட்டும் சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். பிரீடரிடம் போக நியாயமான காரணங்களும் உண்டு. பட்டியில் ஆடு காக்கக் கோம்பை வேண்டும் என்று கேட்கும் விவசாயியைக் காப்பகத்துக்கு அனுப்புவதில் பொருளில்லை. அழிந்துவரும் நாட்டு இனத்தை அக்கறையோடு பேணும் வளர்ப்பாளரைக் குட்டி விற்கும் வியாபாரியோடு ஒரே தட்டில் வைப்பதும் நியாயமில்லை.

காப்பகத்துக்குப் போகிறவர் முதல் நாளே தாளில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. சில வாரம் தற்காலிகமாக வளர்க்கத் தருகிறீர்களா என்று கேளுங்கள்; தருவதற்குத் தயாராக இருக்கும் காப்பகங்கள் உண்டு. நாய் ஏற்கெனவே யாரையாவது கடித்திருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால், பரிதாபப்பட்டு அதை ஏற்காதீர்கள். அந்த வாரங்களில் உங்கள் வீட்டில் வழக்கமாக நடப்பது அத்தனையும் நடக்கட்டும். பால்காரர் வரட்டும், தண்ணீர் கேன் போடுபவர் வரட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடி விளையாடட்டும், தீபாவளிக்கு முன்கூட்டியே ஆரம்பித்துவிடும் வெடிச்சத்தம் கேட்கட்டும். ஒவ்வொரு முறையும் நாய் என்ன செய்தது, எவ்வளவு நேரத்தில் அமைதியானது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒத்துவரவில்லை என்றால் அந்த நோட்டோடு நாயைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்து அதை எடுக்க வரும் குடும்பத்துக்கு அந்தக் குறிப்புகள் தேவைப்படும்.